செக்ரோலில் சுந்தரியின் பேர்

12 ஜனவரி 1987

டைரி இன்றுதான் கைக்கு வந்தது. உரக் கம்பெனிக்காரன் வருஷா வருஷம் எஸ்டேட் ரைட்டருக்கு இரண்டு டைரி கொடுப்பான். கணக்கெழுதும் அந்த ரைட்டர் என் அண்ணன் பாக்கியநாதன். ஒன்றை எனக்குத் தந்துவிடுவார். "கிரெச் ஆயாளுக்கு எழுதறதுக்கு என்ன அம்மிணி இருக்குது? எத்தனை புள்ளைக பால் கக்குச்சுன்னா?" என்று கேலி வேறு. தோட்டத்து ஆட்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்தான் கிரெச்.

எழுத இருக்கிறது. இன்று ஏற்காட்டில் என் மகள் சுந்தரியின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். மே மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பதினெட்டு வரைக்கும்தான் அங்கே வைத்துக்கொள்வார்கள். சிஸ்டர் இரண்டு வழி சொன்னார்கள். சேலத்தில் பெரிய பெண்களுக்கான இல்லத்தில் ஓர் இடம் காலியாகிறது. அங்கேயே தங்கி மெழுகுவத்தி செய்யலாம். இல்லையென்றால் இங்கேயே நிலையான ஒரு வேலை பார்க்க வேண்டும். "பிப்ரவரிக்குள்ள சொல்லிருங்க இன்பமேரி. அப்புறம் இடம் நிக்காது."

சுந்தரியின் அப்பா போய் ஒன்பது வருஷம். நானும் போன பிறகு இவளுக்கு யார்? வேறு எதைப் பற்றி யோசித்தாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

25 ஜனவரி

பூசை முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு. சேலம் என்றதுமே அவருக்குக் கோபம்.

"அந்த வெயில்ல எம்புள்ளையக் கொண்டுபோயி விடறதா? நீ வேலைய உட்டுட்டு எழுதிக் குடு. உம்பட பேரு இருக்கற எடத்துல சுந்தரி பேரை நான் ஏத்தறேன்."

செக்ரோல் என்பது தினமும் காலையில் பேர் கூப்பிடும் நோட்டு. நிரந்தர ஆட்களின் பேர் மையில் இருக்கும், தற்காலிக ஆட்களின் பேர் பென்சிலில். மையில் இருப்பவர் விலகினால் அந்த வீட்டில் பதினெட்டு முடிந்த ஒருவர் பேர் ஏறும். எஸ்டேட் கொடுத்திருக்கும் லைன் வீடும் அந்தப் பேரோடு நிற்கும். எனக்கு இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை!

சுந்தரிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு அவளுக்காகப் பதில் சொன்ன ஞானத்தகப்பன் அண்ணன்தான். இன்று நன்றாகத் தூங்குவேன்.

3 பிப்ரவரி

சேலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "எழுத்துல ஏதாச்சும் வாங்குனீங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அவரு எங்கண்ணனுங்க சிஸ்டர்" என்றேன்.

13 மார்ச்

காப்பிக்கொட்டை பொறுக்கும் கொட்டகைக்குச் சுந்தரியைக் கூட்டிப்போனேன். அங்கே மேற்பார்வை காளியாயிதான். யாரையும் சீக்கிரத்தில் மெச்சுகிற ஆள் இல்லை. ஒரு முறம் கொட்டையைக் கொடுத்து, கறுப்பும் உடைசலும் பொறுக்கச் சொன்னாள். சுந்தரி மெதுவாகத்தான் செய்தாள். ஆனால் அவள் பொறுக்கி முடித்த முறத்தில் காளியாயி கண்ணுக்கு ஒரு கறுப்பு அகப்படவில்லை. "ஏனுங்க மேரியம்மா, இவளுக்கு என்ன கொறச்சல்ங்கறீங்க? எம்பட ஆளுகளுக்குத்தான் கொறச்சல்!"

திரும்பும் வழியில் பங்குச் சாமியார் எதிரே வந்தார். தவசுக்கால வெள்ளிக்கிழமை, எங்கள் ஊரில் கருவாடுகூடத் தொடாத நாள். "காலைல அம்மா கருவாடு தின்னாங்க சாமி" என்று இவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். இவளுக்குப் பொய் வராது, சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது. மானம் போனது. சாமியார் சிரித்துக்கொண்டே போனார்.

28 ஏப்ரல்

விலகல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் ஆங்கிலத்தில் டைப் அடித்து வைத்திருந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "நாம பேசுனதுதான்" என்றார். இருபத்து நான்கு வருஷ வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

30 மே

ஒரு மாதமாக ஒத்திகை. நான் "ஞானசுந்தரி" என்று கூப்பிட வேண்டும், அவள் எழுந்து நின்று "வந்தேனுங்க!" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது தடவை. சோறு ஊட்டும்போதுகூட விடமாட்டாள். புதுசாகத் தலைக்குக் கட்டச் சிவப்புத் துணி வாங்கினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறாள், என் மகள்.

1 ஜூன்

கூப்பிடவில்லை.

2 ஜூன்

நேற்று கை ஓடவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அண்ணன் வரிசையாகப் பேர் படித்தார். சுந்தரி ஒவ்வொரு பேருக்கும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து, "இரு கண்ணு, உம்பட பேரு வரும்" என்றேன். வரவில்லை. நோட்டை மூடிவிட்டார். எல்லாரும் கலைந்த பிறகும் இவள் நின்றுகொண்டே இருந்தாள். "மாமா, எம்பேரு?"

அவர் காது கேளாதவர் போல் நடந்தார். நானே போய் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். என் பேர் இருந்த இடத்தில், மையில், மரியசெல்வி. அவருடைய மருமகள், மகன் பெண்டாட்டி!

"கத்தாத மேரி. தொரை ஒத்துக்கல. மரியசெல்வி பேர்ல இருந்தா ஊடு நம்ம கைய உட்டுப் போவாது. நாங்க சுந்தரியப் பாக்காம உட்டுருவமா?"

நம்ம கையாம். யார் கை? வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். சொல்லி என்ன?

5 ஜூன்

எஸ்டேட் மேனேஜர் துரையைப் பார்த்தேன். மஞ்சக்குட்டைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. "உங்க பொண்ணு விஷயமா என்கிட்ட யாரும் கேக்கவே இல்லையேம்மா" என்றார். கடிதத்தை எடுத்து எனக்குத் தமிழில் சொன்னார்.

"எனக்கு வேலை செய்யத் தகுதியுள்ள பிள்ளை யாரும் இல்லை. ஆகவே என் இடத்தை என் அண்ணன் மருமகளுக்கு விடுகிறேன்."

அடியில் என் கையெழுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் பிரம்படி பட்டுப் பழகிய, அழகான கையெழுத்து.

அந்த வரியை ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என் கையால் என்னையே சொல்ல வைத்துவிட்டான். அண்ணனாம், ஞானத்தகப்பனாம். அட பாவி.

11 ஜூன்

சேலத்து இடம் கொட்டச்சேட்டுப் பெண் ஒருத்திக்குப் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று தெரியாதாம். "நான் அன்னிக்கே கேட்டனே" என்று சிஸ்டர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். பஸ்ஸில் வரும்போது அழுதேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

20 ஜூலை

கட்டிப்போட்டா வைக்க முடியும்? விடிந்ததும் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். காளியாயி விரட்டாமல் ஒரு முறம் கொடுத்து உட்கார வைக்கிறாள். பேர் இல்லாத ஆளுக்கு எடை போட முடியாது. அதனால் இவள் பொறுக்கியது எல்லாம் பக்கத்தில் இருக்கும் மரியசெல்வி கணக்கில் போகிறது. மரியசெல்வி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாளாம்.

அண்ணன் வழியில் நிறுத்தி, "பாத்தியா, அவளுக்கும் பொழுது போவுது, வேலையும் ஆச்சு" என்றார். நான் நிற்காமல் நடந்தேன்.

இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறேன். மரியசெல்வி பேரில் இருக்கிற என் வீட்டில்.

13 செப்டம்பர்

பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் அண்ணன் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். நான் ஜெபமாலையைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடினேன்.

23 நவம்பர்

காளியாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

மரியசெல்விக்கு மூன்றாம் மாசம், வாந்தி. ஒரு வாரமாக வேலைக்கு வரவில்லை. நோட்டில் மட்டும் தினமும் வந்திருக்கிறாள்! இன்று பேர் கூப்பிடும்போது துரை திடீரென்று வந்து நின்றிருக்கிறார். இப்படி வந்தால் சமாளிக்க அண்ணன் முன்கூட்டியே சுந்தரியிடம் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார் – மரியசெல்வி என்று கூப்பிட்டால் நீ "வந்தேனுங்க" சொல்லு சாமி, மாமா கேக்கு வாங்கித் தர்றேன் என்று.

கூப்பிட்டார். சத்தம் இல்லை. சுந்தரியைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் கூப்பிட்டார்.

"எந்திரிச்சு நின்னா பாருங்க உங்க புள்ள! 'செல்வியக்கா ஊட்ல வாந்தி எடுக்கறாங்க. நான் ஞானசுந்தரி. வந்தேனுங்க!' அப்படீன்னுட்டா. ரைட்டரு மூஞ்சியப் பாக்கோணுமே!"

துரை கொட்டகைக்கே வந்து, யார் பொறுக்குகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். காளியாயி நாலு மாசத்துக் கதையையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். அவர் சுந்தரியின் முறத்தைக் கிளறிப் பார்த்தாராம், நெடுநேரம்.

கேக்கு கிடைக்கவில்லை என்று இவளுக்கு மட்டும் வருத்தம்.

24 நவம்பர்

இன்று நானும் போய் நின்றேன். குளிர். மரியசெல்வி பேர் மையில் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற மேலாபீஸ்தான் எழுத வேண்டுமாம், என் கையெழுத்து குறுக்கே நிற்கிறதாம். ஆனால் துரை சொல்லி நோட்டின் அடியில் ஒரு பேர் ஏறியிருக்கிறது. எழுதியது அண்ணன், படிக்க வேண்டியதும் அவரே.

கடைசியாகக் கூப்பிட்டார். "ஞானசுந்தரி."

"வந்தேனுங்க!" – மாட்டுக்கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். பெண்கள் சிரித்தார்கள், நல்ல சிரிப்பு.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். பென்சில். அழிக்க ஒரு ரப்பர் போதும், அது அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

நாளையிலிருந்து தினமும் காலையில் நானும் அங்கே போய் நிற்பேன்.