பிரம்பு எலும்பு

மார்ச் 4, ஃபயென்சா

ஆய்வகத்து உலை இன்று ஏமாற்றவில்லை. காற்றுப் படாமல் கருக்கிய பிரம்புத் துண்டுகள் விரிசல் விடாமல் கரியாக வந்தன. இனி சுண்ணாம்புச் சத்து ஏற்றி, பாஸ்பேட் கரைசலில் ஊறப்போட்டால் வெள்ளைப் பீங்கான். மரம் போய்விடும், அது நீர் குடித்த குழல்கள் மட்டும் அப்படியே நிற்கும். அந்த வழியாக ரத்தக் குழாய் நுழைந்து எலும்பு வளர வேண்டும். முன்பு செய்த துண்டுகளைச் செம்மறி ஆடுகளின் காலில் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. முடிவு தெரிய ஜூன் வரை பொறுக்க வேண்டும்.

மார்ச் 8

ஞாயிறு. அண்ணன் ஒரியானோ வீட்டில் சாப்பாடு. டிராக்டர் கவிழ்ந்து நசுங்கிய கால் ஒரு நாற்காலியில், அவன் இன்னொன்றில். கெட்டுப்போன எலும்பை போலோஞா ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். இடுப்பெலும்பைச் செதுக்கி வைத்தும் இடைவெளி மூடவில்லை. அடுத்தது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதுதான் என்கிறாராம் டாக்டர்.

"நீ செய்யறியே, அதுல ஒரு துண்டு குடு," என்றான், சூப்பை ஊதிக்கொண்டே.

"மனுஷங்களுக்கு இன்னும் அனுமதி இல்லண்ணே."

"ஆட்டுக்குக் குடுப்ப, அண்ணனுக்குக் குடுக்க மாட்ட. வேணும்னா மே-ன்னு கத்தட்டா?"

அண்ணி வில்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 17

அனுமதி கிடைத்தால் அண்ணன் காலில் பிரம்பெலும்பை வைக்க டாக்டர் தயார் என்கிறார். வேறு வழியே இல்லாத ஒருவருக்கு விதிவிலக்கு கேட்கலாம். எங்கள் இயக்குநர் பால்திஸ்ஸெர்ரி அம்மா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

"குழு கேக்கறதுக்கு நீயே பதில் சொல்லு, நிவெஸ். உன் கையால செஞ்சதுதானே."

ஏப்ரல் 2

நெறிமுறைக் குழு. ஒரு வயதான பேராசிரியர்தான் கேட்டார்.

"இது இவர் எடையைத் தாங்கும், சீழ் வைக்காதுன்னு உறுதியா சொல்லுவீங்களா?"

ஆட்டைத் திறந்து பார்க்காமல் எப்படிச் சொல்வது? உள்ளே நொறுங்கிக் கிடந்தால்?

"இன்னும் தெரியாது," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான், அனுமதி இல்லை.

ஏப்ரல் 3

அண்ணனின் பீச் தோட்டமெல்லாம் பூ. பார்க்கவே பிடிக்கல.

ஏப்ரல் 5

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்லிக் கேட்கக் கூடாது என்று.

"நீ என்ன சொன்ன அவங்ககிட்ட?"

"உண்மையை."

"யாரு காலை வச்சு?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணி என்னை வாசல்வரை கொண்டுவிட்டாள்.

ஏப்ரல் 21

எடுத்துவிட்டார்கள்.

மே 10

ஊன்றுகோலோடு தோட்டத்துக்குப் போய் ஏணியில் ஏறப் பார்த்து விழுந்தானாம். அண்ணிதான் சொன்னாள். நான் பார்க்கப் போனபோது தூங்குவதுபோல் படுத்திருந்தான். தூங்கும்போது அவன் குறட்டை விடுவான், எனக்குத் தெரியாதா?

ஜூன் 19

ஆடுகளைக் கொன்று எலும்பை அறுத்துப் பார்த்தோம். நுண்ணோக்கியில் கண் வைத்ததும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு குழலுக்குள்ளும் ரத்தக் குழாய். பிரம்பு எங்கே முடிகிறது, எலும்பு எங்கே தொடங்குகிறது — செய்த எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஆல்பானா ஒயின் திறந்தார்கள். பால்திஸ்ஸெர்ரி கட்டிக்கொண்டு அழுதார். "சாதிச்சுட்டடி பொண்ணே!" நானும் அழுதேன். சந்தோஷம்னு நெனச்சுக்கிட்டாங்க. நெனச்சுக்கட்டும்.

ரெண்டு மாசம். ரெண்டே மாசம் அந்தப் பாழாப்போன குழு பொறுத்திருந்தா — குழுவா? அவங்க என்ன பண்ணாங்க? கேட்டாங்க. வாயத் தொறந்தது நான்தானே. பொய் சொல்லியிருந்தா இன்னிக்கு அதுதான் உண்மை. அன்னிக்கு அது பொய்தான். இத எவன்கிட்ட போய் விளக்கறது?

ஜூலை 11

அண்ணி போன் செய்தாள். "பேப்பர்ல உன் படத்தைப் பார்த்துட்டாரு. கொஞ்ச நாள் வராத, என்ன?"

செப்டம்பர் 30

பீச் மரங்களை வேரோடு பிடுங்கக் கொடுத்துவிட்டானாம்.

டிசம்பர் 25

அண்ணி கூப்பிட்டாள். போனேன். திட்டுவான், வாங்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் மனசைத் தயார்செய்துகொண்டு போனேன்.

செயற்கைக் காலோடு அவனே வந்து கதவைத் திறந்தான்.

"வாங்க," என்றான். "குளிருது பாருங்க, உள்ள வாங்க."

யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

சூப்பை அவனே பரிமாறினான். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

அண்ணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்ணே," என்றேன்.