பேனரில் பிரபு பெயர்

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் மகன் சதீஷ் போய் நாளையோடு ஒரு வருஷம். மேனாம்பேடு தெருமுனையில் இன்று கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினோம். என் பெயருக்குக் கீழே 'வாழ்க்கைத் துணை பிரபு' என்றும் போடச் சொல்லியிருந்தேன். இரண்டு பேரும் குடும்பமாக வாழ்ந்ததைப் பார்த்தவள் நான்தானே. பிரபு இப்போது வெளிநாட்டில் வேலை செய்கிறான். ஆசையாகப் படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே போன் செய்தான். "அம்மா, அத்த எடுத்துடும்மா. இங்க இதப் பத்திப் பேசினாலே உள்ள போட்ற சட்டம் கீது. ரூம்ல நம்ம ஏரியா பசங்க வேற கீறானுங்க. ஊர்லேந்து எவனாவது போட்டோ அனுப்பி அவனுங்க பாத்துட்டா என் கத முடிஞ்சிது."

"உன் பேரத்தானடா போட்டேன், வேற இன்னா பண்ணேன்?"

"அழக்கூட முடிலம்மா. இன்னா ஆச்சுன்னு கேட்டா தலவலின்றேன்."

பேனரைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. பெரிய சாமந்தி மாலை வாங்கி, அவன் பெயரை மறைக்கிற மாதிரி கட்டிவிட்டேன். "இன்னாக்கா, படத்துக்குப் போடாம கீழ கட்டிக்கீற?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். கை எட்டவில்லை என்றேன்.

வெயிலில் பூ சுருங்கினால் பெயர் தெரிந்துவிடும். காலையில் முதல் வேலையாகப் புது மாலை வாங்க வேண்டும்.