கறுப்பாக இருந்தாலும்

உன் நாவலின் இரண்டாம் பதிப்புக்கான புரூஃப் இன்று காலை கூரியரில் வந்தது. உறையைப் பிரித்ததும் மை வாசனை குப்பென்று அடித்தது. நேராக நாற்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனேன். அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.

திருவாரூரில் உன் வீட்டு மாடியில் குடியிருந்த கென்யா நாட்டு ஆராய்ச்சி மாணவியைப் பார்த்துத்தான் நீ அந்த நாவலின் ரூத்தை எழுதினாய். மொட்டையடித்த தலை, தெருவே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஆண்களுக்கு நடுவே நின்று, "முதல்ல கடைமடைக்கு விடுங்க" என்று அரைகுறைத் தமிழில் அதட்டுகிறவள். யாருக்கும் எதற்கும் விளக்கம் சொல்லாதவள். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடத்தில் நீ எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'நல்ல கறுப்பு. களையான முகம்.'

தஞ்சாவூரில் அதற்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். இரண்டு வாக்கியமும் ஒட்டாமல் நிற்பதாகப் பட்டது. 'நல்ல கறுப்பாக இருந்தாலும் களையான முகம்' என்று சேர்த்துவிட்டேன். உன்னிடம் கேட்கக்கூடத் தோன்றவில்லை. விட்டுப்போன ஒற்றைப் போடுகிற மாதிரி, கை தானாகப் போனது.

அச்சான புத்தகத்தோடு வந்து நின்றாய். "இருந்தாலும்னா என்னடி அர்த்தம்? கறுப்பா இருக்கறது குத்தமா? போனாப் போவுதுன்னு நீ மன்னிச்சு விட்டியா?"

"எல்லாரும் சொல்றதுதானே. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட அப்படித்தான் சொன்னாங்க" என்றேன். அதைப் பாராட்டு என்று நம்பியே இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். உன் முகம் மாறியது. பரிதாபப்பட்டாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நீ செவப்பு. உனக்கென்ன, எப்படி வேணா எழுதுவ."

"அதனாலதான்டி உன்கிட்ட குடுத்தேன். எனக்குத் தெரியாதது உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அதன் பிறகு நீ பேசவில்லை. நானும் போன் பண்ணவில்லை. எட்டு மாதம் வீம்பிலேயே போனது. பிறகு நீயே போய்விட்டாய்.

உன் நினைவுக் கூட்டத்தில் பெரிய மனிதர் ஒருவர் மைக்கைப் பிடித்து, ரூத்தை எப்படிப் படைத்திருக்கிறார் பாருங்கள் என்று அந்த வரியைத்தான் வாசித்தார். மண்டபமே கை தட்டியது. வெட்கங்கெட்டு நானும் தட்டினேன்.

இன்று முதல் வேலையாக அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை அடித்தேன். உன் வீட்டுக்காரருக்கு போன் செய்து, "ஒரே ஒரு இடத்துலங்க" என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

"வேணாங்க. அவ எழுதினதுல ஒரு எழுத்து மாறக் கூடாது. இனிமே அவளுக்கு நான் செய்யறதுக்கு வேற என்ன இருக்கு?"

அவர் குரல் உடைந்தது. அது நீ எழுதியதில்லை, நான் எழுதியது என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க" என்றேன்.

அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தேன். அடித்ததைக் கணக்கில் எடுக்காதே, சொல் பழையபடியே இருக்கட்டும் என்று அச்சகத்தாருக்கு அதற்கு அர்த்தம். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்தேன். இனி எந்தக் கறுத்த பெண் அந்த வரியைப் படித்து மனம் சுருங்கினாலும், அவள் உன்னைத்தான் திட்டுவாள், என்னை இல்லை.