பத்து மணிக்கு வீட்டில் இருக்க மாட்டோம்

அன்பு,

இந்தக் காலத்தில் பழசைக் கண்டாலே தூக்கிப்போடத்தான் தோன்றும் போல. என் ஆட்டோ காக்கிச் சட்டையைக் கரித்துணி ஆக்கப் பார்த்தாய்.

நேற்று மத்தியானம் நீ வேலைக்குப் போனபிறகு உன் அம்மா சோற்றைத் தொடவில்லை. "எங்க வூட்டுக்காரு வரட்டும். நீ யாருய்யா?" என்றாள். அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாக மறுபடி வந்தேன். "இன்னாய்யா, இவ்ளோ நேரமா சவாரி?" என்று திட்டிவிட்டுச் சாப்பிட்டாள்.

மறதி முற்றிப் புருஷனையே தெரியவில்லை, முதியோர் ஹோமில் விடலாம் என்றாயே. அவளுக்குத் தெரிகிறது.

பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிப்போக ஹோம்காரம்மா வந்தால் டீ கொடுத்து அனுப்பு. இட்லி மூடி வைத்திருக்கிறேன்.

நைனா

இன்னொன்று. நீ களைத்துப்போனது எனக்கும் தெரியும். இனி மத்தியானச் சோறு என் பொறுப்பு. ஹோமில் நன்றாகப் பார்த்துக்கொள்வார்களாம், நான் நம்பவில்லை. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு லஸ் கடைத்தெருப் பக்கம் கிளம்பிவிட்டேன்.