வலது அக்குளில் தெரிந்தது

12-9-2021, ஞாயிறு

கொரோனாவின் இரண்டாம் அலை ஓய்ந்து, ஊர் ஊராகப் பெரிய தடுப்பூசி முகாம் போட ஆரம்பித்த வருஷம் இது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் நர்மதா எழுதுகிறாள்.

எருமப்பட்டி முகாமில் நானும் என் சம்சாரம் சென்னியம்மாளும் ஊசி போட்டுக்கொண்டோம். புற்றுநோய்க்காரர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அதனால் மூன்று வருஷம் முன்பு அவளுக்கு இடது மார்பை எடுத்ததைச் சொல்லவில்லை. அந்தப் பக்கக் கையில் ஊசி ஆகாது என்றிருந்தார்கள். வலது கையை நீட்டினாள்.

24-9-2021

சேலத்தில் அவளுக்கு ஸ்கேன். "கொரோனா ஊசி போட்டீங்களா, எந்தக் கை?" என்று ஒரு பெண் கேட்டாள். டாக்டரைக் கேட்காமல் போட்டதற்குத் திட்டுவார்களோ என்று, "இல்லீங்க சாமி" என்றேன்.

28-9-2021

வலது அக்குளில் நெறி கட்டி ஒளிர்கிறதாம். "பரவியிருக்கலாம்ங்க ஐயா. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாத்துரலாம்" என்றார் டாக்டர் தஸ்லீம்.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் சென்னியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, மறுக்கா அந்த மருந்து ஏத்தறதுன்னா நா வரமாட்டேன். என்னைய ஊட்டுலயே உட்ருங்க."

2-10-2021

முப்பது வருஷம் பண்ணைகளில் கோழிக்குத் தடுப்பூசி போட்டவன் நான். ஊசி போட்ட கோழிக் கொட்டகையில் மூன்று வாரத்துக்கு ரத்தம் எடுக்க விடமாட்டேன். "இப்ப எடுத்தா ஊசியத்தான காட்டும், சீக்கையா காட்டும்?" என்று கால்நடை டாக்டரிடமே சண்டை போட்டிருக்கிறேன்.

இதுவும் அப்படித்தானோ? இல்லை, மனசு தேடுகிற சாக்கா?

ஊசி போட்ட இடத்தில் நோயை மறைத்தேன். நோய் பார்க்கிற இடத்தில் ஊசியை மறைத்தேன். என்ன மனுசன் நானு—

4-10-2021

டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"என்னிக்குப் போட்டீங்க?"

"பன்னெண்டாந்தேதி, ஞாயித்துக்கெழம, பதினோரு மணி சுமாருக்குங்க. வலது கை."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க ஐயா? ஊசி போட்ட பக்கம் நெறி கட்டும், ஸ்கேன்ல மின்னும். ஊசியா நோயான்னு இப்ப சொல்ல முடியாது. ஆறு வாரம் பொறுத்து மறுபடி எடுப்போம்."

"நானு கோழியா இருந்திருந்தா மொதல்லயே சொல்லியிருப்பாருங்க" என்றாள் சென்னியம்மாள்.

25-10-2021

மழை. அக்குளைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். தொடாதே என்றால் சண்டை.

18-11-2021

நெறி வற்றிவிட்டது. எதுவும் ஒளிரவில்லை. "ஊசியோட வேலைதாங்க" என்றார் டாக்டர். வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்பை எடுத்தபோது தன்னோடு வார்டில் கிடந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லணும் என்றாள். "நெம்பரெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்தான? போடுங்க."

மனப்பாடம்தான். அவளிடம் சொல்லாமல் வைத்திருக்கும் சாவுச் சேதிகளும் மனப்பாடம். ஜன்னலோரக் கட்டில் பனமரத்துப்பட்டி சின்னாயி, போன ஆடியில். அடுத்தது சேலத்து நாஸியா, கொரோனா முதல் அலையில். கதவோரம் ரஞ்சிதா, முப்பத்தாறு வயசு, தைப்பூசத்தன்று.

நாலாவது கட்டில், சென்னியம்மாள்.