சுற்றுக்கு வந்த பலகை

18.11.1995

அன்புள்ள சுசீலாவுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளை ஷாந்தினியும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

கம்பெனி டிரெய்னிங், ஜப்பான் என்று நம் ஊர் புக்கிட் பெருவாங் முழுக்கத் தம்பட்டம் அடித்தேனே, வந்து சேர்ந்தது மலைக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். வயல், இரண்டு பெட்டி ரயில், ஒரே ஒரு கடை. வாலிபர்கள் பட்டணம் போய்விட்டார்கள். எண்பது வயசுக்காரர்கள் குனிந்து முட்டைக்கோஸ் அறுக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு, அதோடு ஊர் அடங்கிவிடும்.

ஊர்ச் செய்தியைப் பலகையில் செருகி வீடு வீடாக அனுப்புவார்கள். படித்தவர் அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? போன வாரம் வாசலில் கிடந்ததை எடுத்து மீன் குழம்புச் சட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நான்கு நாள் கழித்து என் சூப்பர்வைசர் சாத்தோ அதைப் பார்த்து வெளிறிப்போனார். கீழ்த்தெரு முராத்தா என்ற கிழவரின் சாவுச் செய்தி அது. எனக்கு மேலே மலையோரம் இருக்கும் ஆறு வீட்டுக்கும் சேதி போகவில்லை. தகனம் முடிந்துவிட்டது.

மஞ்சள் கறையோடு பலகையைத் தூக்கிக்கொண்டு முராத்தாவின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மானம் போயிற்று, சுசீலா! அந்த ஆறு வீட்டுக்காரர்களும் சாத்தோ சொல்லி அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சேதியே கிடைக்காதவர்கள், வராமல் போனோமே என்று நெற்றி தரையில் படக் குனிந்தார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எனக்கோ அன்று சேதி கிடைத்தது. உன் அப்பா இறந்த அன்று உன் தம்பி தங்கராஜு போன் செய்தான். நான்தான், "போன்ல சொன்னாப் போதுமா லா? மருமகன்னா ஆள் வந்து சொல்ல வேணாமா?" என்று குதித்தேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாகத் தங்கா பத்துவில் உன் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறினாய். நான் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அரை மணி நேர ஓட்டம். பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரவில்லை. இரண்டு வருஷமாக நீயும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. சீ, என்ன மனுஷன் நான்.

இந்தக் கடிதத்தை எடுத்துப் போய் உன் அம்மாவிடம் படித்துக் காட்டு. என் பெயரைக் கேட்டதும் எழுந்து உள்ளே போனால் தடுக்காதே. தை மாசம் விமானம் இறங்கியதும் நேரே அங்கேதான் வருவேன். யாரும் வந்து அழைக்க வேண்டாம் என்று சொல்.

தலை குனிந்து,
வீரமுத்து