அணைக்காத கற்பூரம்

ஜவ்வாது மலை
18.10.1978

அன்புள்ள மாமாவுக்கு,

சம்பூர்ணம் எழுதுவது. நானும் பூங்கோதையும் நலம். அவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. "அப்பா வந்து பாக்கட்டும்" என்று அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். கொல்லையில் சாமை கதிர் பிடித்துவிட்டது. ஜெயிலில் உங்களுக்குச் சோறு இறங்குகிறதா?

சந்தனக்கட்டை சுமந்ததாகப் பாரஸ்ட்காரர்கள் உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. மலைப்பாதையில் எந்த வண்டி உறுமினாலும் குழந்தையை இழுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடிவிடுவேன். சாமை போட மறந்து வெறும் உலையைக் கொதிக்க விட்டிருக்கிறேன். போன மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கீழே ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினேன். ஊசி போட்ட நர்ஸ் ராணியம்மாள் குழந்தையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா, நீ தூங்கி எத்தினி நாளாச்சு?" என்று கேட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் தலையில் கை வைத்து இயேசுவிடம் ஜெபம் செய்தார். மாமா, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தூங்கிப்போனேன். பஸ் சத்தத்துக்குக்கூட எழவில்லை. இப்போது விளக்கு வைத்ததும் நானே ஜெபம் செய்கிறேன். ஞாயிறானால் கீழே இயேசு கோயிலுக்கும் போய்விட்டு வருகிறேன்.

உங்களிடம் மறைக்க எனக்கு வராது. ஊருக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வருவதாகச் சொன்ன நாட்டாமை சக்கரவர்த்தியும் அருணகிரி அண்ணனும் இப்போது பேச்சை மாற்றிவிட்டார்கள். நம் அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்களாம். "இனிமே அந்த சாமிகிட்ட போவமாட்டேன்" என்று சொல்லி நான் அதைக் கையால் அணைக்க வேண்டுமாம். அணைத்தால்தான் கையெழுத்தாம்.

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
சம்பூர்ணம்


திருப்பத்தூர்
30.10.1978

சம்பூர்ணத்துக்கு ராஜாக்கண்ணு எழுதுவது.

பல் விழுந்த சேதியைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அதற்குக் கீழே இருந்ததை யாருக்கும் படிக்கவில்லை.

உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? நான் இங்கே கம்பியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நீ அங்கே ஊரோடு வீம்பு பிடிக்கிறாய். ஒரு கற்பூரத்தை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு தட்டுத் தட்டிவிட்டு வா. மனசுக்குள் யாரை வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள், நான் வந்து எட்டிப் பார்க்கப் போகிறேனா? ஊர் கைவிட்டால் சாமை அறுக்க யார் வருவார்கள்? நம் மலையில் தனி ஆள் அறுத்த கொல்லை உண்டா?

புருஷன் வேண்டுமா, அந்தச் சாமி வேண்டுமா என்று நீயே முடிவு செய். அணைத்தேன் என்று எழுதினால் பதில் போடுவேன். இல்லாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

ராஜாக்கண்ணு


ஜவ்வாது மலை
26.11.1978

அன்புள்ள மாமாவுக்கு,

அணைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன். மேலே படிப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம்.

புருஷனா சாமியா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்காகத்தானே முதன்முதலில் அவர் முன்னால் முட்டி போட்டேன்? ஒரு தட்டுத்தானே என்கிறீர்கள். உங்கள் தம்பியோடு வந்த வரப்புத் தகராறு மறந்துவிட்டதா? கற்பூரம் அணைத்தால் கொல்லை முழுசும் உங்களுக்கு என்றார்கள். "கொல்ல போனா போவுது, பொய் சத்தியம் பண்ணமாட்டேன்" என்று பாதியை விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன். போகமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் போனால் அது பொய். சொன்னபடி போகாமல் இருந்தால் மறுபடியும் அந்தப் பயம். இரண்டும் எனக்கு வேண்டாம்.

சாமை அறுக்க ஊரில் ஒருத்தரும் வரவில்லை. நானே அறுத்தேன். பூங்கோதை உதிர்ந்த கதிரைப் பொறுக்கினாள். விரலெல்லாம் வெட்டுக்காயம். முந்தி அறுக்க முடியாததால் பாதி மண்ணோடு போய்விட்டது. இந்த வருஷம் குருவிகளுக்கு நம் செலவில் விருந்து. நாட்டாமை வரப்பில் வந்து நின்று, "இன்னாம்மா, உன் சாமி அறுப்புக்கு வரலியா?" என்று கேட்டார்.

"வரலீங்க. ஆனா ராத்திரி என்னைத் தூங்க வெக்கிறாரு. நீங்க தூங்குறீங்களா?" என்றேன். மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நேற்று ஒரு ஜீப் நம் வாசலில் நின்றது. நான் அடுப்பை விட்டு எழவில்லை. "இன்னா வேணும்?" என்று உள்ளே இருந்தபடியே கேட்டேன். யாரோ வழி கேட்க வந்தவர்கள்.

நீங்கள் இல்லாமல் வீடு வீடாக இல்லை, மாமா. பதில் போடாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன்.

உங்கள்
சம்பூர்ணம்


திருப்பத்தூர்
20.12.1978

அன்புள்ள சம்பூர்ணத்துக்கு,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் கட்டை வாங்கும் முதலாளியின் ஆள் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். "மரத்த வெட்டினது கோபால்னு கோர்ட்டுல சொல்லிடு. ஜாமீனுக்கு ஆளு ரெடியா இருக்குது. பொங்கலுக்கு நீ வூட்ல இருப்ப" என்றான். பக்கத்து ஊர் கோபாலை உனக்குத் தெரியுமே. அவன் அன்றைக்கு மலையிலேயே இல்லை.

ஒரு வார்த்தைதானே என்று வாயைத் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன், சம்பூர்ணம். உன் வெட்டுக்காயத்தையும் பூங்கோதையையும் நினைத்துத்தான் திறந்தேன். அப்போதுதான் ஒரு தட்டுத்தானே என்று நான் உனக்கு எழுதியது ஞாபகம் வந்து முகம் சுட்டது. அவனைப் போகச் சொல்லிவிட்டேன்.

நீ கற்பூரத்தை அணைக்காதே. ராஜாக்கண்ணுக்கு உங்கள் கையெழுத்து வேண்டாமாம் என்று நாட்டாமையிடம் சொல். நான் சொன்னதாகவே சொல். தண்டனை வந்தால் முடித்துவிட்டு வருகிறேன்.

ஆனால் அவன் போனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? உன் சாமியிடம் நான் வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. விளக்கு வைத்ததும் நீ என்ன சொல்கிறாய் என்று மட்டும் எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுது.

பல்லைத் தொலைத்துவிடப் போகிறாள், பத்திரம்.

உன்
ராஜாக்கண்ணு